யானையின் இடுப்பில் இஞ்சு டேப்

புதுக்கோட்டை வடக்கு நாலாம் வீதியில் பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிற ஒரு அம்மா உண்டு. பல்கீஸ் பீவி என்று பேர். குழந்தைப் புத்தகம் என்றால் அவர் கைக்குத் தனிப் பழக்கம். காகிதத்தைத் தடவியே எந்தக் காலத்து அச்சு என்று சொல்லிவிடுவார். கேட்டால்தான் சொல்வார். கேட்டாலும் சில சமயம் சொல்ல மாட்டார்.

அவருக்கு ஒரே ஒரு சிஷ்யர். சிஷ்யருக்கு வயது அறுபத்துமூன்று. குருவுக்கு நாற்பத்தாறு.

சிஷ்யர் பேர் தங்கமாயன். அந்தப் பேரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. ஏட்டையா என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம் போலீசில் இருந்துவிட்டு வந்தவர். உத்தியோகத்துக்குத்தான் ஓய்வு, கண்ணுக்கு இல்லை. டீக்கடையில் டம்ளரைக் கொடுத்தால் அதைத் தூக்கி அடிப்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

படிக்க ஆசைப்பட்டு சிஷ்யர் ஆனவர்கள் உண்டு. இவர் ஏமாந்த கோபத்தில் ஆனவர். ஓய்வு பெற்ற பிறகு பழைய படக்கதைப் புத்தகம் சேர்க்கிற பித்து அவருக்குப் பிடித்தது. திருச்சியில் ஒரு ஆள் கண்ணாடிக் காகிதம் சுற்றிய புத்தகம் ஒன்றை, அறுபது வருஷத்துக்கு முந்திய முதல் அச்சு என்று சத்தியம் பண்ணி விற்றான். அதைப் பெருமையாகக் கொண்டுவந்து பல்கீஸம்மாவிடம் காட்டினார்.

அந்த அம்மா நடுப் பக்கத்தை விரித்துப் பார்த்தார்.

"புத்தகத்துக்கு அறுபது வயசு. பின்னுக்கு ஒரு வயசுகூட ஆகலையே ஏட்டையா."

தாள்களைச் சேர்த்துக் குத்திய கம்பிப் பின் வெள்ளிமாதிரி மின்னியது. துரு ஒரு பொட்டுகூட இல்லை.

அன்றைக்கு முகம் கறுத்துப் போனவர், மறுநாள் காலையில் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தார். இரண்டு வருஷம் ஆகிறது. துரு எப்படிப் பரவும், பின்னட்டை விளம்பரத்தில் எந்தப் புத்தகத்தின் பேர் இருந்தால் எந்த வருஷம், எந்தக் காகிதம் எப்போது பழுக்கும், எல்லாம் எழுதி வைத்தார். ஆனால் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அவர் முதலில் புரட்டுவது பதிப்பு விவரம் போட்ட பக்கத்தைத்தான்.

"அதுதாம்மா எஃப்.ஐ.ஆர். மத்ததெல்லாம் அப்புறம்" என்பார்.

"எஃப்.ஐ.ஆர். எழுதினது யாருன்னு பார்க்க மாட்டீங்களா?"

"எழுதினது எழுதினதுதானே."

பல்கீஸம்மா தையலுக்குத் திரும்பிவிடுவார்.

இப்படி இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, திருச்சிப் பதிப்பகத்துக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு பொட்டலமும் கடிதமும் வந்தது. பொட்டலத்துக்குள் ஒரு பழைய குழந்தைப் புத்தகம். 'யானைக்குத் தைத்த சட்டை' என்று பேர். புதுக்கோட்டையில் முன்பு இருந்த சில்வண்டு பிரசுரம் போட்டது. அதைத் திரும்ப அச்சிடப் போகிறார்கள். எழுதியவர் யார் என்பதில் சண்டை இல்லை. படம் போட்டது யார் என்பதில்தான் சண்டை. அனுப்பிய புத்தகத்தில் 'படங்கள்: நடேசன்' என்று இருக்கிறது. சவரிமுத்து என்று ஒருவர், படமெல்லாம் தான் போட்டது என்கிறார். அவர் வீட்டிலும் ஒரு பிரதி இருக்கிறதாம். முதல் அச்சில் யார் பேர் இருக்கிறதோ அதையே போட்டுவிடுகிறோம், பார்த்து ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், திங்கட்கிழமை அட்டை அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருந்தார்.

பல்கீஸம்மா கடிதத்தை மடித்து ஏட்டையா பக்கம் தள்ளினார்.

"இதை நீங்க பாருங்க."

"நானா?"

"ரெண்டு வருஷம் ஆச்சே."

ஏட்டையாவுக்கு உச்சி குளிர்ந்தது. சட்டைப் பையில் லென்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சொல்லியனுப்பியதன் பேரில் சனிக்கிழமை காலையில் சவரிமுத்துவின் மகள் அந்தப் பிரதியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். பல்கீஸம்மா மூலையில் ஒரு அகராதியைத் தைத்துக்கொண்டிருந்தார். ஏட்டையா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, நாற்காலியைக் காட்டாமல் கேட்டார்.

"பேரு?"

"அமலோற்பவம். ஆர்டிஸ்ட் சவரிமுத்து மக."

"ஆர்டிஸ்ட்டுன்னு யாரு சொன்னா?"

"அவரு கையே சொல்லும் ஐயா. இப்ப நடுங்குது, அதான் நான் சொல்ல வேண்டியிருக்கு."

"வயசு என்ன அவருக்கு?"

"எண்பத்தொன்பது. கண்ணும் மங்கிப்போச்சு. அந்தப் புத்தகம் திரும்ப வருதாம்ப்பான்னு சொன்னேன். என் பேரு இருக்குமான்னு கேட்டாரு. மூணு மாசமா காலையில எந்திரிச்சா அதே கேள்விதான்."

ஏட்டையா துண்டைப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே படம். ஒரு யானை நிற்கிறது. தையல்காரன் ஏணி மேல் ஏறி அதன் இடுப்பைச் சுற்றி இஞ்சு டேப்பைப் பிடித்திருக்கிறான். வாயில் ஒரு ஊசி. படத்துக்குக் கீழே 'படங்கள்: சவரிமுத்து'.

தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் 'இரண்டாம் பதிப்பு' என்று இருந்தது. வருஷம் போடவில்லை.

திருச்சியிலிருந்து வந்த பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே யானை, அதே தையல்காரன், அதே ஏணி. ஆனால் கீழே 'படங்கள்: நடேசன்'. பின்பக்கத்தில் 'முதற் பதிப்பு, 1964'.

"ஏம்மா, உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்யா."

"இது என்ன போட்டிருக்கு?"

"ரெண்டாம் பதிப்பு."

"அது?"

"முதற் பதிப்பு."

"அப்புறம் என்ன பேச்சு?"

அமலோற்பவம் துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள். "முதல்ல அச்சடிச்சதே எங்க வீட்டுல இருக்கிற இந்தப் புத்தகந்தான் ஐயா. பிரசுரத்து முதலாளிக்கு அப்படி ஒரு ரோசனை. முதல் தடவையே ரெண்டாம் பதிப்புன்னு போட்டா, முன்னாடி அடிச்சதெல்லாம் வித்துத் தீர்ந்துபோச்சுன்னு கடைக்காரங்க நாலு புத்தகம் கூட எடுப்பாங்களாம். அப்புறம் அப்பாவுக்கும் அவருக்கும் மனஸ்தாபமாகி அப்பா வெளிய வந்துட்டாரு. ஒரு வருஷம் கழிச்சு நூலகத்துக்கு எடுக்கிறவங்க, புதுப் புத்தகம்தான் வேணும்னு கேட்டாங்களாம். இதையே மறுபடி அடிச்சு, புதுசு மாதிரி முதற் பதிப்புன்னு போட்டு, மச்சினன் நடேசன் பேரைப் படத்துக்குக் கீழ வச்சிட்டாரு."

ஏட்டையா சிரித்தார். ஸ்டேஷனில் சிரித்த சிரிப்பு.

"ரெண்டாவது பிள்ளை பிறந்தப்புறம்தான் மூத்த பிள்ளை பிறந்துச்சாக்கும்!"

"வீட்டுல பிறக்காதுய்யா. அச்சாபீஸ்ல பிறக்கும்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஏட்டையா முதல் தாளின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தார். தாள் மற்றத் தாள்களோடு சேர்ந்து மடிந்து வரவில்லை. ஓரத்தில் பசை வைத்து ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"கழண்டு வந்துருச்சு. ஒட்டக் கொடுத்தேன்." அவள் மூலையைப் பார்த்தாள். பல்கீஸம்மா பல்லில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"யார்கிட்ட..." என்று ஏட்டையா இழுத்தார்.

அமலோற்பவம் மறுபடி மூலையைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். ஏட்டையா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நீ சொல்ல வேண்டாம். நானே கண்டுபிடிச்சுக்கிறேன். இந்தத் தாளை வெளிய எங்கயோ அடிச்சு, அப்பா பேரைப் போட்டு, கொண்டாந்து ஒட்டியிருக்கே. சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் செஞ்சிருக்கே. ஆனா பெத்தவன் பேருக்காகத் திருடினாலும் நீ திருடிதான்."

அவள் அழவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போனா என்ன ஆச்சுன்னு கேப்பாரு. என்னன்னு சொல்லட்டும்?"

"உண்மையைச் சொல்லு."

"அதைத்தான் ஐயா இங்க சொன்னேன்."

புத்தகத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு, வெறும் துண்டோடு இறங்கிப் போனாள்.

பல்கீஸம்மா அகராதித் தையலை முடிச்சுப் போட்டு நூலை அறுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஏட்டையா அதையும் மனசில் குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அவள் விட்டுப்போன புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். லென்ஸ் வைத்துப் பசையைப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, சாப்பிடக் கூப்பிட்ட மனைவியிடம், "உனக்கு பல்கீஸம்மாவை எவ்வளவு நாளாத் தெரியும்?" என்று கேட்டார்.

"ஏன், அந்தப் புண்ணியவதியையும் பிடிச்சு உள்ள வைக்கப் போறீங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏட்டையா கடைக்கு வந்தார். எப்போதும் சொல்கிற வணக்கத்தைச் சொல்லவில்லை. பல்கீஸம்மா மைதாப் பசை கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிராம்புத் தைலச் சீசா. பூச்சி அரிக்காமல் இருக்க இரண்டு சொட்டு விடுவது வழக்கம்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"இந்த ஊர்ல பசையில கிராம்புத் தைலம் விடுறது யாரு?"

"நான் ஒருத்திதான்."

"அப்ப அந்தத் தாளை ஒட்டினது?"

"நான்தான். போன மாசம்."

ஏட்டையா அந்தப் புத்தகத்தைத் திருச்சிப் பிரதிக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். "நேத்து அந்தப் பொம்பளை ரெண்டு தடவை உங்க மூஞ்சியைப் பார்த்தா. நீங்க நிமிரவே இல்லை."

"நூல் வாயில இருந்துச்சு."

"அது பதில் இல்லையே."

"ஆமா, இல்லை."

"உங்களுக்கும் அவளுக்கும் எவ்வளவு தூரம் பழக்கம்?"

"ரெண்டு தெரு தூரம்."

"அம்மா, நான் விளையாடலை. ரெண்டு வருஷமா உங்ககிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்டேன். இன்னைக்கு உங்களையே விசாரிக்க வேண்டியதாப் போச்சு. என் வயித்தெரிச்சல் உங்களுக்குத் தெரியாது."

"விசாரிங்க. உட்கார்ந்து விசாரிங்க, உங்களுக்கு முட்டி வலி."

ஏட்டையா உட்காரவில்லை.

பல்கீஸம்மா அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். கடை முத்திரை குத்துகிற ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார். நடுவில் கடைப் பேர், சுற்றிலும் ஒரு வட்டக் கோடு.

"அந்தப் பக்கம் திரும்புங்க."

"எதுக்கு?"

"போலீசுக்குப் பின்னால ஒரு வேலை பார்க்கணும்."

ஏட்டையா அரைமனதாகத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ சத்தம். குத்துகிற சத்தம். பிளேடு கிறீச்சிடுகிற சத்தம். மறுபடி குத்துகிற சத்தம். பென்சில் உரசுகிற சத்தம்.

"இப்பப் பாருங்க."

மேசைமேல் இரண்டு துண்டுக் காகிதம். இரண்டிலும் கடை முத்திரை. ஒன்றின்மேல் பென்சிலால் 1 என்று எழுதியிருந்தது. மற்றதில் 2.

"எது முதல்ல குத்தினது?"

ஏட்டையா 1 போட்டதைத் தொட்டார்.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"நம்பர் போட்டிருக்கே."

"நம்பர் போட்டது யாரு?"

"நீங்கதான்."

"நானா? உங்க விசாரணையில இருக்கிற ஆளா?"

ஏட்டையா லென்ஸை எடுத்தார். காகிதத்தைக் கிட்டத்தில் எடுத்துப் பார்த்தார். 1 போட்டதில், வட்டக் கோட்டின் வலது ஓரத்தில் ஒரு நெல் அளவுக்குக் கோடு இல்லை. 2 போட்டதில் வட்டம் முழுசாக இருந்தது. ஸ்டாம்பைத் திருப்பினார். ரப்பரில், அதே இடத்தில், பிளேடு வெட்டு.

"ரப்பர் வெட்டுப்பட்டப்புறம் முழு வட்டம் விழாதே" என்று தனக்குத்தானே சொன்னார். 2 போட்ட துண்டை எடுத்து 1 போட்டதற்கு முன்னால் வைத்தார்.

வைத்த கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக அந்த இரண்டு புத்தகங்கள் பக்கம் போனது.

இப்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு யானைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லென்ஸைப் பிடித்துக் குனிந்தார்.

'முதற் பதிப்பு' என்று போட்ட பிரதியில், யானையின் வயிற்றுக்கு அடியில் இஞ்சு டேப் ஒரு மயிரிழை அளவுக்கு அறுந்திருந்தது. தையல்காரன் வாயிலிருந்த ஊசிக்கு முனை இல்லை. யானையின் வால் நுனி மழுங்கிக் கிடந்தது.

சவரிமுத்து வீட்டுப் பிரதியில் டேப் ஒரு சுற்று முழுசாக ஓடியது. ஊசி முனை குத்துகிற மாதிரி கூர்மையாக இருந்தது. வாலில் மயிர் ஏழு. எண்ணிவிடலாம்.

"படம் அச்சடிக்கிற பிளாக் தேஞ்சிருக்கு" என்றார். "தேயறதுக்கு முன்னாடி அடிச்சது அந்தப் பொம்பளை கொண்டாந்தது."

பல்கீஸம்மா பசைக் கிண்ணம் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏட்டையா போலீஸ்காரர் இல்லையா. அப்படி லேசில் விடுவாரா. "பழைய பிளாக் தேஞ்சுபோச்சுன்னு புது பிளாக் வெட்டி அடிச்சிருந்தா? அப்பவும் கோடு முழுசா விழுமே."

அந்த அம்மா பசையில் விழுந்த ஒரு தூசியை எடுத்துப்போட்டார்.

ஏட்டையா மறுபடி குனிந்தார். நெடுநேரம் தேடினார். படத்தின் இடது மூலையில், புல்லுக்கு நடுவில், புல்லோடு சேராத ஒரு கறுப்புப் பொட்டு. பிளாக்கை மரக்கட்டையில் வைத்து அடிக்கிற ஆணி கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றால் அதன் தலையிலும் மை ஏறி இப்படிப் பொட்டு விழும். அடுத்த பிரதியைப் பார்த்தார். அதே மூலை, அதே புல், அதே பொட்டு. ஒரு பக்கம் சற்றே சப்பையாக இருந்தது. அந்தச் சப்பைகூட அப்படியே இருந்தது.

"ரெண்டும் ஒரே பிளாக்தான். கைரேகை மாதிரி நிக்குது" என்றார். குரல் இறங்கிவிட்டது. "பேரும் படமும் ஒரே தாள்ல இருக்கு. பின்பக்கம் ரெண்டாம் பதிப்புன்னு போட்டதும் இதே தாள்தான். ஒட்டின தாளா இருந்தா என்ன... அந்தப் பொம்பளை சொன்னது அத்தனையும்..."

லென்ஸை மேசைமேல் வைத்தார்.

பல்கீஸம்மாவைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்குப் போன மாசமே தெரியுமா?"

"ஒட்டும்போது பார்த்தேன். டேப் முழுசா இருந்துச்சு. திருச்சிப் புத்தகம் வியாழக்கிழமைதான் வந்துச்சு. அதுல அறுந்திருந்துச்சு."

"நேத்தே எனக்குச் சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

ஏட்டையா யோசித்தார். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"உங்களுக்கும் அவங்களுக்கும் என்ன உறவுன்னு தெருவில விசாரிச்சிருப்பேன்."

பல்கீஸம்மா சிரித்துவிட்டார். அவரும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வாய்க்கு மேல் ஏறவில்லை.

பிறகு ஏட்டையா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கடிதத்தை எழுதினார். எழுத்து, பஞ்சாயத்தார் முன்னால் எழுதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வந்தது. சவரிமுத்து பேர் உள்ள பிரதியே முந்தி அச்சானது, இரண்டாம் பதிப்பு என்று போட்டிருந்தாலும் அதுவே முதல் அச்சு, காரணம் இன்னின்னது. டேப், ஊசி, வால், ஆணிப்பொட்டு. எல்லாம் எழுதி, அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு, பல்கீஸம்மா பக்கம் தள்ளினார்.

"போடுங்கம்மா. கலெக்டராபீஸ் பக்கத்துல இன்னைக்கும் கூரியர் எடுக்கிறாங்க. இப்பக் கொடுத்தா காலையில திருச்சி போயிரும்."

பல்கீஸம்மா படித்துப் பார்த்தார். திரும்பத் தள்ளினார்.

"நான் போடக் கூடாது ஏட்டையா."

"ஏன்?"

"தாளை ஒட்டினவளும் நானு. சாட்சியும் நானா? உங்க ஸ்டேஷன்ல ஒத்துக்குவீங்களா?"

"மாட்டோம்."

"அப்ப நீங்க போடுங்க. கண்டுபிடிச்சது நீங்கதானே."

ஏட்டையா பேனாவைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு மூடியைக் கழற்றாமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு போட்ட மூலப் படம் ஏதாச்சும் வீட்டுல கிடக்குமா?"

"ஒரு மழையில வீடு ஒழுகி எல்லாம் நனைஞ்சு போயிருச்சாம்."

"அச்சாபீஸ்ல பழைய ஆளு யாராச்சும்?"

"அச்சாபீஸை இடிச்சே இருபது வருஷம். அங்க இப்பக் கல்யாண மண்டபம்."

"நடேசன்?"

"செத்துட்டாரு."

ஏட்டையா தாளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"அம்மா, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுறேன்னு வைங்க. நாளைக்கு எவன் வீட்டுப் பரண்ல இருந்தாவது இன்னொரு புத்தகம் கிளம்பி வருது. நான் எழுதினது தப்புன்னு ஆயிருது. அப்ப?"

"ஆகலாம்."

"என் பேரு என்ன ஆகிறது?"

பல்கீஸம்மா பசைக் கிண்ணத்தை மூடி ஓரமாக வைத்தார்.

"நேத்து அந்தப் பொம்பளையைத் திருடின்னு சொன்னீங்களே ஏட்டையா. அது தப்பா ஆயிருமோன்னு அப்ப ஏன் பயம் வரலை?"

ஏட்டையா பேனா மூடியைக் கழற்றினார்.